ரெனாட்டே அம்மா விட்ட இரண்டு வரி

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். உங்கள் இருமல் விட்டதா? நம் ஷைனி அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா?

நான் தங்கியிருக்கும் இந்த ஊரில் மொத்தமே தொண்ணூறு பேர்தான். கடை கிடையாது. செவ்வாய்க்கிழமை ரொட்டி வண்டி வந்து ஹார்ன் அடிக்கும், எல்லோரும் பையோடு வந்து வரிசையில் நிற்போம். நேற்று அங்கே பக்கத்து வீட்டு ரெனாட்டே அம்மா என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். இங்கே குடிவந்தவர்களை எல்லாம் எழுதிவைக்கும் பழைய புத்தகம் அவரிடம்தான் இருக்கிறது. போர் முடிந்து அகதியாக வந்த தன் தாயின் பெயரைக் காட்டி, "ஒரு கையில் பெட்டி, இடுப்பில் நான்" என்றார்.

என் பெயரையும் எழுதிவிட்டு, "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"இப்போதைக்கு நான் மட்டும்தான்" என்றேன். உங்கள் இரண்டு பேருக்கும் விசா இன்னும் வரவில்லை என்றும் சொன்னேன். அவர் என் பெயருக்குக் கீழே இரண்டு வரி விட்டுக் கோடு போட்டார். "வந்ததும் அவர்களே எழுதட்டும்" என்றார்.

கல்யாணச் சான்றிதழ் நகலைச் சீக்கிரம் அனுப்புங்கள். அதோடு ஷைனியின் சட்டை ஒன்றும் வேண்டும், துவைக்க வேண்டாம். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், பஸ் வருகிறது. அவளுக்குத் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதப் பழக்குங்கள்.

உங்கள்
மெர்லின்