வலை படியும்வரை

செப்டெம்பர் 9, இரவு, கொழும்பு

அண்ணன் இன்று பேசினார். பெரியகல்லாற்றில் தோணியை விட்டு இறங்கும்போது வாய் கோணி, வலக்கை சோர்ந்து விழுந்தவர். வாதம்தான், எண்ணெய் போட்டுத் தேய்த்தால் சரியாகும் என்று எல்லாரும் சொல்ல, மச்சாள் கேட்காமல் புருஷனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார். அங்கிருந்து அம்புலன்ஸில் இங்கே.

மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி அடைத்திருந்தது. தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு முதலில் உறிஞ்சிப் பார்த்தார்களாம், வரவில்லை. பிறகு டொக்டர் சின்னக் கம்பிவலை ஒன்றைக் கட்டிக்குள் விரித்து, அது நன்றாகச் சிக்கும்வரை பொறுத்திருந்து மெதுவாக இழுத்தாராம்.

இதை அண்ணனிடம் சொன்னேன். வாவியில் வீசிய வலை அடியில் படியுமுன் இழுத்ததற்கு என்னை எத்தனை தரம் ஏசியிருக்கிறார்.

"அவருக்குத் தொழில் தெரியும் புள்ள" என்றார், குழறிக் குழறி.

மச்சாள் சிரித்தார். "அப்ப நீங்க எப்ப தொழிலுக்குப் போறதாம்?"

அண்ணன் வலக்கையையே பார்த்தார். அது திரும்புமா என்று டொக்டர் இன்னும் சொல்லவில்லை. மச்சாள் தண்ணீர் எடுக்கப் போனபோது போர்வை விளிம்பை அந்த விரல்களுக்குள் வைத்தேன். வழுகியது. மறுபடி வைத்தேன். பெருவிரல் மெல்ல மடிந்து பிடித்தது.

மச்சாளிடம் நான் சொல்லவில்லை. நாளைக்கு அண்ணனே காட்டட்டும்.