இறுக்கம் விட்ட குரல்

என் தங்கப் புள்ளைக்கு,

நான் இப்ப பாட்டு பழகுறேன்னு சொன்னா நீ சிரிப்ப. கோயில் பஜனையில நான் கழுத்து நரம்பு புடைக்கப் பாடுறப்போ, பக்கத்துல உக்காந்து ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, "அம்மா, கத்தாதீங்க"ன்னு சொல்லுவியே, ஞாபகம் இருக்கா?

அப்பிடிக் கத்திக் கத்தியே போன வருசம் தொண்டை கட்டி, பேச்சே வராமப் போச்சு. தெரணியகலையில சங்கீதம் சொல்லிக் குடுக்கிற சிங்கள மிஸ் ஒருத்தங்கதான் சரியாக்கினாங்க. "ஹெமின், ஹெமின்", மெதுவா மெதுவான்னு என் தோளைத் தொட்டு இறக்குவாங்க. தாடையைத் தளர விடணும், கொட்டாவி விடுற மாதிரி தொண்டை திறக்கணும், மூச்சு வயித்துலேருந்து வரணுமாம். மொதல்ல எனக்கு ஒரே வெக்கம்.

நேத்து அந்தியில சாமி விளக்கு ஏத்திட்டு, உனக்குப் பாடின தாலாட்டைப் பாடிப் பாத்தேன். முக்காம, குரல் தானா வந்துச்சு. இவ்வளவு மெல்லிசா ஒரு குரல் எனக்குள்ள இருந்திருக்கு பாரு! பாடி முடிச்சுத் திரும்பினா, அப்பா வாசல்ல நிக்கிறார்.

நீ அவரைக் கேக்காமக் கல்யாணம் கட்டிக்கிட்டு கொழும்புக்குப் போனதிலேருந்து உன் பேரு அவர் வாயில வந்ததில்ல. "இதுக்குத்தான் துஷாந்தினி தூங்குவா"ன்னார். அப்புறம், "அவளுக்கு இப்ப எத்தனை மாசம்?"னு கேட்டார்.

"ஏழு"ன்னேன்.

இன்னைக்குக் காலையிலேருந்து நீ படுத்துக்கிட்டிருந்த உள் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடிச்சிக்கிட்டிருக்கார். ஏன்னு நான் கேக்கல.

மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா.

வாசல் பாத்திருக்கிற,
உன் அம்மா