கார்க் கண்ணாடியில் ஒட்டிய கல்லூரி

அன்புள்ள பிரிட்டா,

அந்தப் பாலைவன வெயிலில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசு எப்படி இருக்கிறது என்பது, இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் காரியத்தைச் சொன்னால் உனக்குப் புரியும். அப்பா எழுவதற்கு முன், காபிகூடப் போடாமல், முடி உலர்த்தும் கருவியை நீள வயரில் மாட்டி வெளியே கொண்டுபோய், காரின் பின்கண்ணாடியில் இருந்த ஹார்ட்வெல் கல்லூரி ஸ்டிக்கரைச் சூடாக்கி பிளேடால் சுரண்டி எடுத்தேன். நீ அதைப் பார்த்ததில்லை. உனக்கு அங்கே இடம் கிடைத்த செய்தி வந்த வாரமே அப்பா வாங்கி ஒட்டிவிட்டார். அவ இன்னும் சரின்னே சொல்லலியே டுவைட் என்றதற்கு, "சொல்லுவா, சொல்லுவா, நீ சும்மா இரு" என்றார். அன்றிலிருந்து பெட்ரோல் போடப் போனாலும் சர்ச்சுக்குப் போனாலும் டாக்டரம்மா எப்போ கிளம்புறாங்க என்றுதான் விசாரிக்கிறார்கள். ரோண்டா அத்தை, "என் முட்டி வலிக்கு இப்பவே அவகிட்ட ஒரு டோக்கன் போட்டு வெச்சிரு லோர்னா" என்கிறாள். சிரித்துவிட்டு வருகிறேன்.

போன ஞாயிறு போனில் நீ பேசியதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நம் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கே போகிறேன், ஸ்பானிஷை முக்கியப் பாடமாக எடுத்துக்கொண்டு, பட்டத்துக்குப் பின் மருத்துவக் கல்லூரியில் சேரத் தேவையான வேதியியல், உயிரியல், இயற்பியலைக் கூடவே படித்துவிடுகிறேன் என்றாய். "ஸ்பானிஷ்ல நாடி பிடிச்சா நல்லா துடிக்குமோ?" என்று அப்பா கேட்டார். நீ கோபப்படாமல், கல்லூரிக்கு முன் அங்கே நீ தொண்டு செய்கிற கிளினிக்குக்கு வந்த பெரியவரைப் பற்றிச் சொன்னாய். அவர் நெஞ்சைத் தொட்டு ஸ்பானிஷில் என்னவோ சொல்ல, நன்றி சொல்கிறார் என்று நினைத்து நீ சிரித்துத் தலையாட்டியதையும், வலி என்று அவர் சொன்னதை வேறொருத்தி வந்துதான் புரிந்துகொண்டதையும் சொன்னாய். நீங்க ரெண்டு பேரும் சரின்னாத்தான் போவேன் என்றாய். பிறகு, "அம்மா, நீ லைன்ல இருக்கியா?" என்று கேட்டாய். இருக்கேன் என்றேன், அதற்கு மேல் வாய் வரவில்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது கண்ணு.

எனக்குப் பயம், வேறொன்றுமில்லை. ஹார்ட்வெல்லில் இருந்து மருத்துவத்துக்கு விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்கு இடம் கிடைக்கிறது என்று அவர்கள் போட்டிருந்தது மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதல் வருட வேதியியல் வகுப்பில் முந்நூறு பேர் உட்காருவார்களாம், அங்கே உன் முகம் யாருக்குத் தெரியும்? அதனால்தான் சனிக்கிழமை ஹார்ட்வெல்லில் பெற்றோரை அழைத்திருந்த நாளுக்குத் தனியாகப் போய்வந்தேன். புல்வெளி, கல் கட்டடங்கள், நல்ல சாப்பாடு, எல்லாம் அழகு. முதல் வருடம் டாக்டராகப் போகிறேன் என்று வருகிறவர்களில் எத்தனை பேர் கடைசியில் விண்ணப்பிக்கிறார்கள் என்று கேட்டேன். மேடையில் இருந்தவர், தயாராக இருப்பவர்களுக்கு முழு ஆதரவு தருகிறோம் என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எங்களுக்குக் கல்லூரியைச் சுற்றிக்காட்டிய மூன்றாம் வருடப் பெண் கார் வரை என்கூடவே வந்தாள். "மார்க் கொஞ்சம் இறங்குனா காலேஜ் கமிட்டி சிபாரிசுக் கடிதம் தராது ஆன்ட்டி. அது இல்லாம எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு விண்ணப்பிக்கிறது? அப்படிப் பாதிப் பேர் நின்னுடுவாங்க. மிச்சம் இருக்கிறவங்கள்லதான் அந்தத் தொண்ணூத்திரண்டு" என்றாள். நீ எப்படிம்மா என்றேன். "நான் இப்ப பொருளாதாரம் ஆன்ட்டி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வீடு வரும் வரை பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் முதுகில் குத்திக்கொண்டே வந்தது.

திங்கட்கிழமை மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தேன். கமிட்டி எதுவும் அங்கே இல்லையாம், ஆசிரியர்களிடம் தனித்தனியாகக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம், முக்கியப் பாடம் ஸ்பானிஷாக இருந்தாலும் தடையில்லையாம். அங்கே சுலபம் என்று நான் நினைக்கவில்லை. வேதியியல் எங்கேயும் வேதியியல்தான். அதையும் இயற்பியலையும் ஒரே பருவத்தில் எடுக்காதே. முதல் வாரத்திலேயே ஆசிரியரின் அறைக்குப் போய், சந்தேகம் இல்லாவிட்டாலும் ஏதாவது கேட்டு முகத்தைக் காட்டிவிடு, நாளைக்குக் கடிதம் எழுத வேண்டியவர் அவர்தான். இப்போது கிளினிக்கில் அந்தப் பழைய செருப்போடு நாள் முழுக்க நிற்காதே, ஊசிகளை எடுக்கும்போது கையுறை போடு.

நதிக்கரையில் வலசை வந்த கொக்குகள் அனேகமாக வடக்கே கிளம்பிவிட்டன, ஒன்றிரண்டு மட்டும் வயலில் நிற்கின்றன. ஆண்டவர் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும், நீ தொடுகிறவர்களுக்கு நல்லது நடக்கட்டும். மே ஒன்றாம் தேதிக்குள் எந்த இடம் என்று பதில் அனுப்பியாக வேண்டும், அதை மறக்காதே. இன்று வெள்ளிக்கிழமை, மாலையில் சர்ச்சின் தவக்கால மீன் விருந்துக்கு அந்தக் காரில்தான் போவோம். பசைத் தடம் இன்னும் சதுரமாகத் தெரிகிறது, அப்பா கட்டாயம் பார்ப்பார். கார் கழுவும் இடத்தில் பிரஷ் பட்டுக் கிழிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் சுரண்டும்போது நினைத்திருந்தேன். அப்படிச் சொல்லப் போவதில்லை. நான்தான் எடுத்தேன், அவள் கேட்ட இடத்துக்கே போகட்டும் என்று சொல்லப் போகிறேன். இந்த நிமிஷம் வரை இது யாருக்கும் தெரியாது, இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

லைனில்தான் இருக்கிறேன்,
உன் அம்மா லோர்னா