வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்த பெரியவனுக்கு

அன்புள்ள பெரியவனுக்கு, அப்பா எழுதுவது. நான், அம்மா, தங்கை மூவரும் உடம்பளவில் சௌக்கியம், மனசைத்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. போனில் கூப்பிட்டால் "நல்லா இருக்கேம்ப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். திங்கட்கிழமை தையல் கடையில் இருந்தபோது உன் அறைத்தோழன் கூப்பிட்டான். அவன்மேல் கோபப்படாதே, பயந்துபோய்த்தான் சொன்னான். பரீட்சையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பதிவெண்ணை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாயாம், மூன்று வாரமாக வகுப்புக்கே போகவில்லையாம். "அங்கிள், அவன் ராத்திரி தூங்கறதே இல்ல, சோத்தைப் பிசைஞ்சு வச்சுட்டு எந்திரிச்சுடறான்" என்றான். அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு சட்டையின் வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்தேன், பிரித்து மறுபடியும் அப்படியே தைத்தேன்.

அம்மா பையில் துணியை வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறாள். உடனே கிளம்பணும் என்கிறாள், போய் நின்றால் பிள்ளை இன்னும் பதறுவானோ என்றும் அவளே சொல்கிறாள். நான் ஆத்திரத்தில், இவ்வளவு படிக்கவைத்தும் இப்படிச் செய்துவிட்டானே என்று வாய்விட்டுவிட்டேன். எதிர்த்தே பேசாத உன் தங்கை சட்டென்று, "நீங்க போன்ல மார்க்கைத்தானே கேப்பீங்க, ராத்திரி தூங்கினியான்னு ஒருநாளாவது கேட்டிருக்கீங்களாப்பா" என்றாள். போன மாதம் நீ, "அப்பா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தபோது, ஆள் நிற்கிறார், அப்புறம் பேசு என்று வைத்தவன் நான்தானே. அந்த அப்புறம் வரவே இல்லை. மன்னித்துவிடு என்று மகனுக்கு எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஒரு பருவம் விடுப்பு கேட்கும் படிவத்தை, பெற்றோர் கையெழுத்துக்குப் பயந்து, தலையணைக்கடியில் வைத்திருக்கிறாயாமே. உன் தோழனிடம் அதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தை நிரப்பவில்லை, அதை நீயே எழுது, இல்லை படிவமே வேண்டாம் என்றாலும் சரி, உன் இஷ்டம். அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து விடுதி வாசலில் இருப்பேன். இறங்கி வர மனசில்லை என்றால் வராதே, சாயங்காலம் வரை அங்கேதான் இருப்பேன். வந்தாயானால் என்ன பேசுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

அதற்குள் உன் தோழனைக் கூட்டிக்கொண்டு கல்லூரி டாக்டரைப் பார்த்துவிடு, தள்ளிப்போடாதே. நீ நன்றாக இருக்கணும் சாமி, எங்களுக்கு அது போதும்.

உன் அப்பா