அழிக்காமல் வைத்த பழைய வருஷங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டி வலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் நோயாளிகளின் விவரங்களெல்லாம் ஒரே அட்டவணையில் கோடிக்கணக்கான வரிகளாகக் குவிந்து கிடந்தன. ஒரு பெயரைத் தேடினால் ஆமை வேகம். கவுண்ட்டர் வரிசை வாசலைத் தாண்டும்.

"பழசை அழிச்சிடும்மா, யாரு கேக்கப் போறா?" என்றார் மேனேஜர்.

"வேண்டாம் சார், வருஷவாரியாப் பிரிச்சு வெச்சிடறேன். தினப்படி வேலைக்கு இந்த வருஷத்தை மட்டும் தேடினாப் போதும்" என்றேன். அரைமனதாகச் சம்மதித்தார்.

போன வாரம் மயங்கிக் கிடந்த ஒருவரைத் தூக்கி வந்தார்கள்.

"ஏதோ ஒரு ஊசி இவருக்கு ஒத்துக்காதுங்க, பேரு தெரியலை. கல்யாணத்துக்கு முன்னாடி இங்கதான் காட்டினாராம்" என்று அவர் மனைவி அழுதாள்.

கல்யாணம் எந்த வருஷம் என்று கேட்டு, அதற்கு முந்தைய சில வருஷங்களில் மட்டும் தேடினேன். கண்மூடித் திறப்பதற்குள் அந்த ஊசியின் பெயர் வந்துவிட்டது; டாக்டர் அதைத் தவிர்த்து வேறு ஊசி போட்டார். மறுநாள் அவர் எழுந்து உட்கார்ந்து மனைவியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மேனேஜர் அழிக்கும் பேச்சையே எடுப்பதில்லை.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பி வையுங்கள். நான் போன் செய்யும்போது டிவி சத்தத்தைக் குறைக்காதீர்கள், அது பாட்டுக்கு ஓடட்டும். நீங்கள் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, அந்தச் சத்தம் கேட்டாலே நம் வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது அப்பா.

உங்கள் சின்னவள்