திரைக்கு வந்த காமாலை

ஏங்க, மகள் வீட்டுக்குப் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

கம்ப்யூட்டரில் பேத்தியின் படத்தைப் பார்த்துவிட்டு, "குழந்தைக்குக் காமாலை!" என்று போனில் கத்தினீர்களே, மகள் பதறி டாக்டரிடம் ஓடியிருக்கிறாள்.

"குழந்தை நல்லாத்தான் இருக்கா. உங்கப்பாவோட கம்ப்யூட்டரைக் கூட்டிட்டு வாங்க" என்றாராம் டாக்டர்.

மாப்பிள்ளை சொன்ன வைத்தியம் இது. முதலில் கம்ப்யூட்டரில் திரையை மஞ்சளாக்கும் 'நைட் லைட்' அமைப்பை அணையுங்கள். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, இந்தச் சீட்டின் வெற்றுப் பக்கத்தை அதன் ஓரம் பிடியுங்கள். திரையின் வெள்ளை கண்ணைக் கூசச் செய்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள். மஞ்சளடித்தால் திரையின் நிற அமைப்பில் நீலத்தைக் கூட்டுங்கள். இரண்டு வெள்ளையும் ஒன்றானதும் பேத்தியைப் பாருங்கள்.

அப்புறம் மகளுக்குப் போன் பண்ணுங்கள். "அப்பா பண்ணா எடுக்கவே மாட்டேன்" என்கிறாள். நான் எடுக்க வைக்கிறேன். மன்னிப்பை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பி.கு.: திட்ட இன்னும் நிறைய இருக்கிறது. பின்பக்கம் வெள்ளையாக வேண்டுமே என்றுதான் நிறுத்திக்கொண்டேன்.