குனிந்த மூன்று பேர்

அன்புள்ள அம்மாவுக்கு, மெர்வின் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா?

நேற்று தெருவில் யாரோ வெடி போட்டார்கள். பேக்கரியில் நான், லெபனான் முதலாளி, ரொட்டி வாங்க வந்த இஸ்ரேல்காரர் மூவரும் சட்டென்று குனிந்தோம். அடுப்பில் என் கை பட்டு லேசாகச் சுட்டுவிட்டது. நம் ஊர்த் தீக்காயம் போல இல்லை.

"உன் ஊரிலும் போரா?" என்றார் முதலாளி.

"இல்லை, பட்டாசு ஆலை வெடிக்கும்" என்றேன்.

பயம் மூவருக்கும் ஒன்று, வசதி அப்படியில்லை. இஸ்ரேல்காரர் வேலை உத்தரவோடு கனடா வந்தார். இரண்டே வருடத்தில் சொந்த வீடு. முதலாளி போருக்குத் தப்பி வெறுங்கையோடு வந்தவர். முப்பது வருடமாக மாவு பிசைகிறார். இன்னும் வாடகை வீடு.

"இந்த சீசன் மட்டும் தங்கச்சி பட்டாசுக் கம்பெனிக்குப் போகட்டும்லே" என்றீர்களே, வேண்டாம். ஹெப்சிபா நர்சிங் முடிக்கட்டும். அவளுக்குப் பதில் நான் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.

சாத்தூர் சேவு கொஞ்சம் அனுப்புங்கள். பஸ் வந்துவிட்டது. ஆராதனைக்குப் போனாயா என்று மட்டும் கேட்காதீர்கள்.

மெர்வின்